மருமகனின் மூன்றாவது பங்கு

ஷிம்கெந்த் நகரத்தில் புத்தகத்தைப் பழித்து ஒரு வார்த்தை பேசியவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாண விருந்தில் மைக்கைப் பிடிக்கும் எந்தப் பெரியவரும் மணமக்களுக்குப் பிள்ளைச் செல்வமும் கால்நடைச் செல்வமும் பெருகட்டும் என்று வாழ்த்திவிட்டு, "புத்தகமே அறிவின் ஊற்று" என்றும் சொல்லி முடித்தால்தான் மைக்கை விடுவார். அதற்கப்புறம் அந்த ஊற்றுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கலங்கிவிடக் கூடாதே என்ற மரியாதைதான், வேறென்ன!

அப்படிப்பட்ட ஊரில், போயும் போயும் நிஜமாகவே புத்தகம் படிக்க ஆசைப்பட்டார் ஒரு மனிதர். பெயர் ஷைமெர்தென். ரயில் எஞ்சின் டிரைவராக முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். எஞ்சினை ஓட்டிக்கொண்டே படிக்க முடியாது. ரயில்வே விதி ஒத்துக்கொள்ளாது, எதிரே வரும் வண்டியும் ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் படிக்கவில்லை, வாங்கினார். வண்டி எந்த ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நின்றாலும் இறங்கி ஓடிப்போய்க் கடையில் ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து ஏறுவார். பழைய ஆட்சிக் காலத்தில் இருபது கிலோ பழைய காகிதம் கொண்டுபோய்ப் போட்டால், கிடைக்காத நாவல் ஒன்றுக்குச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டுக்காக ரயில்வேயின் காலாவதியான கால அட்டவணைகளை மூட்டை மூட்டையாகச் சுமந்திருக்கிறார். காலாவதியாகாத அட்டவணையும் ஒன்றிரண்டு அதில் போய்விட்டது, அந்த வருஷம் வண்டிகள் வந்த லட்சணத்துக்கு அதுதான் காரணம் என்று சக டிரைவர்கள் சொல்வதுண்டு.

இப்படிச் சேர்ந்தவை ஆயிரத்து நூறு புத்தகங்கள். மூன்றாவது மாடியில் இருந்த அவருடைய வீட்டில் ஒரு சுவர் முழுக்க அவைதான். "ரிட்டயர் ஆனதும் படிப்பேன்" என்று முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அறுபத்து மூன்றாவது வயதில் ரிட்டயரும் ஆனார். மறுநாள் காலையில் முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று பாக நாவல் ஒன்றின் முதல் பாகத்தைத் திறந்தார். கடல் பயணக் கதை. கடலையே பார்க்காத ஊர்க்காரருக்குக் கடல் மேல்தானே ஆசை வரும்?

இரண்டு வருஷம் கழித்து அவர் அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தார். கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. தாமதத்துக்குக் காரணம் கப்பல்காரர்கள் அல்ல.

"ஏங்க, சும்மாதானே இருக்கீங்க?" என்பாள் அவர் மனைவி கன்சுலு.

"படிச்சிட்டிருக்கேன்."

"அதத்தான் சொல்றேன். கையில வேலை இல்லாம உக்காந்திருக்கீங்கல்ல. கிளம்புங்க, பக்கத்துத் தெரு துலெபாய் வீட்டுல பேரப்பிள்ளையத் தொட்டில்ல போடுறாங்க. பெரியவங்க யாராவது வந்து ஆசீர்வாதம் சொல்லணுமாம்."

"போன வாரம்தானே அங்க ஆசீர்வாதம் சொன்னேன்?"

"அது அவர் புதுக் கார் வாங்கினதுக்கு."

வேலையில் இருந்தபோது யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. "அவர் டூட்டியில இருக்கார்" என்றால் போதும், மரண வீட்டுக்காரர்கள்கூட மன்னித்துவிடுவார்கள். இப்போது அவர் சும்மா இருக்கிற மனிதர். தொட்டில் விருந்து, பல் முளைத்த விருந்து, நடை பழகிய விருந்து, கல்யாண விருந்து, நாற்பதாம் நாள் விருந்து, வருஷ விருந்து... ஒருவன் பிறந்ததிலிருந்து செத்து ஒரு வருஷம் ஆகும்வரை அவனுக்காக மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஊர் முறை. மீதி நேரத்தில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வேண்டும், அடுத்த வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும், மகள் வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டும்.

இதற்கிடையில் கண் டாக்டரிடம் போனார். வலது கண் ஏற்கெனவே மங்கிப்போயிருந்தது. டாக்டரம்மா இடது கண்ணையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஏதோ எழுதினார்.

"மருந்து போடுங்க. எத்தனை வருஷம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. இந்தக் கண்ணால செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கா?"

"படிக்கணும்."

"அப்ப தள்ளிப் போடாதீங்க, பெரியவரே."

வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வருவார்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஏழு கிண்ணம் தேநீர் குடிக்க வேண்டும். அதற்கே ஆறு மாசம் ஆகிவிடும், கண் தாங்காது.

அந்த வசந்த காலத்தில் அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்தது. நாற்பது பேர் வந்தார்கள். புத்தகச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குதிரைக் கறியைச் சாப்பிட்டபடி, இவ்வளவு படித்த மனிதரைத் தங்கள் குடும்பம் பெற்றதைப் பாராட்டினார்கள். அப்போது எழுந்து நின்றான் ஒல்ஜாபெக்.

ஒல்ஜாபெக் அவருடைய அக்கா பிபிசாராவின் மகன். நாற்பத்தைந்து வயது. ஊரில் பெரிய கல்யாண மண்டபம் அவனுடையது. வரப்போகும் நகர சபைத் தேர்தலில் நிற்கவும் உத்தேசம்.

"மாமா, நூறு வருஷம் இருக்கணும் நீங்க. நல்ல நாள்ல கேக்கணும்னுதான் காத்திட்டிருந்தேன்" என்றான். "என் மூணாவது பங்கு."

அறையில் கறி அறுத்துக்கொண்டிருந்த கத்திகள் அப்படியே நின்றன. அக்கா மகன் தாய்மாமனிடம் தன் வாழ்நாளில் மூன்று தடவை, எது வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்ன மாமன் வீட்டில் குதிரை குட்டி போடாது. ஷைமெர்தென் இருப்பது மூன்றாவது மாடி, குதிரையும் கிடையாது. ஆனாலும் இல்லை என்று சொல்லும் தைரியம் அவருடைய பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. ஒல்ஜாபெக் ஏழு வயதில் அவருடைய சைக்கிளைக் கேட்டான். கல்யாணத்தின்போது காரைக் கேட்டான். மூன்றாவதைக் கேட்காமல் இருபத்திரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தான். வருஷா வருஷம் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கன்சுலு வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் எண்ணிப் பார்ப்பாள். இப்போதும் அவள் முதலில் வீட்டைப் பார்த்தாள், பிறகு ஊருக்கு வெளியே இருக்கிற தோட்டத்தை நினைத்துக்கொண்டாள்.

"கேளுங்க மருமகனே" என்றார் ஷைமெர்தென்.

"உங்க புத்தகம்."

"எந்தப் புத்தகம்?"

"எல்லாம்தான் மாமா. இந்தச் சுவரு முழுக்க."

அடுத்த கணம் நாற்பது பேரும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

"அட, காகிதத்தையா கேட்டான்!" என்றார் மூத்தவரான சம்பந்தி கிழவர். "தங்கமான பய. மாமனுக்கு ஒரு கஷ்டமும் வைக்கல பாருங்க!"

"எம்புள்ளை அறிவாளியாயிட்டான்" என்று பிபிசாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொருத்தன் காரக் கேப்பான், குதிரையக் கேப்பான். இவன் அறிவக் கேக்குறான்."

கன்சுலு அதற்குள் சுவரைக் கண்ணால் அளந்து, மூன்று வருஷமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கும் கண்ணாடிப் பாத்திரங்களில் எதை எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

"எடுத்துக்குங்க" என்றார் ஷைமெர்தென். வேறு என்ன சொல்ல? பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரே ஒரு நாவல மட்டும் விட்டுடுங்க. மூணு பாகம். பாதியில... பாதிகூட இல்ல, அறுபத்தோராம் பக்கத்துல நிக்குது" என்றார்.

"மருமகன் பங்குல பின்னப்படுத்தக் கூடாதுப்பா" என்றார் சம்பந்தி. "பழி வரும்."

ஒல்ஜாபெக் வருத்தத்தோடுதான் சொன்னான்: "அது மூணும் நீலக் கலர்ல தங்க எழுத்து போட்டது மாமா. நடுத்தட்டுக்கு அதுதான்னு அலங்காரம் பண்றவர் சொல்லிட்டார்."

விஷயம் இதுதான். ஒல்ஜாபெக் புதிதாகக் கட்டிய வீட்டில் ஒரு படிப்பறை இருந்தது. படிப்பறை இல்லாமல் இப்போது யாரும் வீடு கட்டுவதில்லை. அதில் வெளிநாட்டு அலமாரி இருந்தது. அலமாரியில் வைப்பதற்கு மண்டபத்தில் மீந்த பூச்சாடிகள் மட்டும்தான் இருந்தன. உள்ளூர் டிவி சேனல் ஒன்று "படிக்கும் மனிதர்" என்று ஒரு நிகழ்ச்சிக்காக அவனைப் படம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தது. கையில் பூச்சாடியோடு உட்கார்ந்தால் ஓட்டு விழுமா?

இரண்டு நாளில் லாரி வந்தது. ஆயிரத்து நூறு புத்தகங்களும் மூன்று மாடி இறங்கிப் போயின. கடைசிப் பெட்டி போனதும் கன்சுலு சுவரை ஈரத் துணியால் துடைத்து, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். சுவரில் கண்ணாடிப் பாத்திரங்கள் ஏறின. அவற்றைப் பார்க்க ஒரு வாரத்துக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நாற்பது வருஷமாகப் புத்தகத்தைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை என்பதை அவள் எடுத்துச் சொன்னாள்.

எட்டாம் நாள் அவர் நல்ல தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி மருமகன் வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலு பக்கம் படித்துவிட்டு வருவோம் என்பதுதான் எண்ணம். அக்கா மகன் வீட்டுக்குத் தாய்மாமன் வருவது எப்பேர்ப்பட்ட சமாச்சாரம் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது.

கதவைத் திறந்த ஒல்ஜாபெக்கின் மனைவி ஆயிம்குல், அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள்.

"மாமா! போன் பண்ணக் கூடாதா? வாங்க, வாங்க..."

"ஒண்ணும் வேண்டாம்மா. அந்தப் படிப்பறையில கொஞ்ச நேரம்..."

"யாரு, என் தம்பியா?" உள்ளேயிருந்து பிபிசாராவின் குரல் வந்தது. அவள் மகனோடுதான் இருந்தாள். "ஆயிம்குல்! தாய்மாமன் வாசல்ல நிக்குறாரு, நீ என்ன பேசிட்டு நிக்கிற? ஆட்டுக்குச் சொல்லி அனுப்பு!"

ஆட்டுக்கு ஆள் போயிற்று. ஷைமெர்தென் மேலிடத்தில், மெத்தை மேல், கதவுக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டார். வெந்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அதை முறைப்படி அறுத்து, காதை இளையவர்களுக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்வதற்கு ஒரு மணி நேரம். கறி ஒரு மணி நேரம். தேநீர் ஒரு மணி நேரம். கடைசியில், "அசதியா இருக்கு, அந்த அறையில கொஞ்சம் சாயட்டுமா?" என்று ஒரு பொய் சொன்ன பிறகுதான் படிப்பறைக் கதவு திறந்தது.

ஷைமெர்தென் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்படி ஒரு அமைதியை எஞ்சினில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த அவர் காது கேட்டதேயில்லை. வெள்ளைக் கம்பளம் அழுக்காகிவிடும் என்று அந்த அறைக்குள் வீட்டில் யாரும் வருவதில்லை. பெரிய ஜன்னல். தோல் நாற்காலி. புத்தகங்கள் எல்லாம் நிறவாரியாக அடுக்கியிருந்தன: பச்சைச் சரித்திரங்கள் பச்சைச் சமையல் குறிப்புகளோடு, சிவப்பு நாவல்கள் சிவப்பு பிரேக் பராமரிப்பு நூலோடு. நீல நாவல் நடுத்தட்டில் இருந்தது. எடுத்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. இன்னும் இருபது நிமிஷத்தில் புயலும் வந்தது. அப்போது பிபிசாராவும் வந்தாள்.

"வெறும் தோளோட போறதா? நல்லாயிருக்கே!" என்று தம்பியின் தோள்மேல் பொன்சரிகை போட்ட பட்டு அங்கி ஒன்றைப் போர்த்தினாள். தாய்மாமனை அங்கி போர்த்தாமல் அனுப்பினால் ஊர் என்ன பேசும்? பஸ்ஸில் அந்த அங்கியோடு நின்றபடி அவர் வீடு வந்து சேர்ந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயதாகிவிட்டதே என்று நினைத்தோ என்னவோ, ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

புயலில் மாட்டிய கப்பலை விட்டுவிட்டு ஒரு மனிதர் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? அவர் ஒரு நாள் இருந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் போனார். மறுபடியும் ஆடு, தலை, வாழ்த்து, தேநீர், ஐம்பது நிமிஷம் நாவல், அங்கி. பிறகு தினமும் போனார். நேற்று வெந்த கறியைச் சூடு பண்ணி வைக்கலாமா என்று ஆயிம்குல் கேட்டதற்கு, "எங்கூடப் பொறந்தவனுக்கு ஆறின கறியா?" என்று பிபிசாரா கேட்ட குரல் தெருவுக்கே கேட்டது. கன்சுலுவுக்கு மட்டும் சந்தோஷம். வந்த அங்கிகளை அவள் மடித்து வைத்து, மற்ற விருந்துகளில் மற்றவர்களுக்குப் போர்த்தினாள். அதில் ஒரு பச்சை அங்கி நாலு வீடு சுற்றி ஒல்ஜாபெக்கிடமே போய்ச் சேர்ந்து, மறுபடியும் ஷைமெர்தென் தோளில் ஏறியது. அவர் அதன் காலர் கறையைப் பார்த்துப் பழைய நண்பனைப் போல அடையாளம் கண்டுகொண்டார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் கவலைதான். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மரியாதையும் ஐம்பது நிமிஷம் படிப்பும் என்றால் அந்தக் கண் எத்தனை புத்தகம் தாங்கும்? சொந்த வீட்டில் ஊர் அவரைத் தின்றது. இங்கே அவர் ஊர் ஆட்டையெல்லாம் தின்றார். நேரம் மட்டும் இரண்டு இடத்திலும் போய்க்கொண்டே இருந்தது.

டிவிக்காரர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். ஒல்ஜாபெக் ஒரு வாரமாக மூன்று புத்தகத் தலைப்புகளை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தான். ஷைமெர்தென் அப்போது ஜன்னலோரம் நாவலோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பத்து நிமிஷம் மட்டும் அந்தப் பக்கம்..." என்று ஒல்ஜாபெக் கெஞ்சினான்.

"அத்தியாயம் முடியட்டும் மருமகனே. கப்பல்ல தண்ணி தீந்துபோச்சு."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள் டிவிப் பெண். "பின்னால ஒரு பெரியவர் அசையாம உக்காந்திருந்தா படத்துக்கு நல்லாத்தான் இருக்கும். தாத்தா, தலையத் தூக்காதீங்க."

தலையைத் தூக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. அவள் மைக்கை ஒல்ஜாபெக்கிடம் நீட்டினாள். அவன் மூன்று தலைப்புகளையும் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க, இந்த அலமாரி என்ன மரம்?"

"அலமாரியா? ஓக்."

"இத்தாலியிலேர்ந்தா?"

"ஆமா. இத்தாலி."

"அருமை! படிக்கும் மனிதர் ஒல்ஜாபெக்கோடு இருந்தோம்" என்று அவள் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். ஆடு வெட்டியிருந்தார்கள். டிவிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஷைமெர்தெனுக்கு அங்கி போர்த்தும் காட்சிதான் நிகழ்ச்சியிலேயே நன்றாக வந்திருந்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

படம் எடுத்து முடிந்துவிட்டது. இனி ஒல்ஜாபெக்குக்குப் புத்தகம் எதற்கு? அடுத்த நாளே அவன் மெல்லப் பேச்சை எடுத்தான்.

"மாமா, நான் யோசிச்சேன். உங்க உசுரே இந்தப் புத்தகம்தான். திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. லாரி நான் அனுப்புறேன்."

ஒரு மாசத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஷைமெர்தென் அழுதிருப்பார். இப்போது அவருக்குத் திக்கென்றது. புத்தகம் வீட்டுக்கு வரும். சரி. கூடவே, "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க?" என்ற குரலும் வரும். கப்பல் நடுக்கடலில் நிற்கும். அவர் துலெபாய் வீட்டில் பல் முளைத்ததற்கு ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"கொடுத்தத மாமன் திரும்ப வாங்குறதா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார் விறைப்பாக.

"ஆமாமா" என்றாள் பிபிசாரா. "உனக்கென்ன பைத்தியமாடா?"

அன்று சாயங்காலம் ஆயிம்குல் படிப்பறைக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கம்பளத்தின் ஓரமாக நடந்து வந்து அவர் எதிரே நின்றாள். மண்டபத்தை உண்மையில் நடத்துவது அவள்தான். ஐந்நூறு பேருக்கு உட்காரும் வரிசை போட்டு, ஒருத்தர் கோபித்துக்கொள்ளாமல் அனுப்பி வைக்கிறவள்.

"மாமா, நான் நேராவே கேக்குறேன். நீங்க வர்றது சாப்பாட்டுக்கா, புத்தகத்துக்கா?"

"புத்தகத்துக்குத்தாம்மா. ஆட்டுத்தலையப் பாத்தாலே எனக்கு இப்பல்லாம் வயித்தப் புரட்டுது."

"எனக்கும்தான். பத்தொம்பது நாளா சமைக்கிறேன். ஆனா நீங்க விருந்தாளி. விருந்தாளின்னா அத்தை சும்மா விட மாட்டாங்க. ஏன் மாமா, வீட்டுலயே உக்காந்து படிக்கலாம்ல?"

ஷைமெர்தென் நாவலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். ஒரு கண் போய்விட்டதைச் சொன்னார், இன்னொன்று போகப் போவதைச் சொன்னார். "வீட்டுல என்னப் படிக்க விட மாட்டாங்கம்மா. கெட்ட மனசு யாருக்கும் இல்ல. நான் சும்மா இருக்கேன்னு நினைக்கிறாங்க, அவ்வளவுதான்."

ஆயிம்குல் நலம் விசாரிக்கவில்லை. அதற்காகவே அவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"அப்ப நீங்க சும்மா இருக்கக் கூடாது" என்றாள். "வேலைக்கு வந்துடுங்க."

"யார்கிட்ட?"

"எங்ககிட்டதான். நூலகப் பொறுப்பாளர். காலையில ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். மண்டபத்து முத்திரை குத்தித் தாள் தர்றேன். வேலைக்காரருக்கு ஆடு வெட்டுறதில்ல, அங்கி போத்துறதில்ல. மத்தியானம் ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும். அத்தையால ஒண்ணும் பேச முடியாது."

"என்ன வேலை செய்யணும்?"

"புத்தகத்தப் பாத்துக்கணும்."

"உள்ள திறந்தும் பாக்கலாமா?"

"அது உங்க பொறுப்பு" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிபிசாராவால் பேச முடிந்தது. ஒரு மணி நேரம் பேசினாள். தாய்மாமன் மருமகன்கிட்ட கைகட்டி வேலை பார்ப்பதா, செத்துப்போன அப்பா கேட்டால் மறுபடியும் செத்துவிடுவார், எந்த முகத்தோடு இனிமேல் விருந்துக்குப் போவது என்றெல்லாம் அழுதாள். "யோசிச்சுக்க தம்பி! கூலிக்காரனா ஆயிட்டா உன்னை எவன் மேலிடத்துல உக்கார வைப்பான்? கதவோரந்தான்!"

ஷைமெர்தென் யோசித்தார். மேலிடம் என்பது சின்ன விஷயமல்ல. நரைத்த தாடியோடு, கதவுக்கு எதிரே, ஆட்டுத்தலைக்குப் பின்னால் உட்காரும் அந்த இடத்துக்காகத்தான் அந்த ஊரில் ஆண்கள் வயதாவதையே பொறுத்துக்கொள்கிறார்கள். அவர் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன்கள் அவரை அங்கேதான் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை அங்கிருந்து இறங்கினால் மறுபடியும் ஏற்ற மாட்டார்கள்.

"தாளக் குடும்மா" என்றார் ஆயிம்குலிடம். "கையெழுத்து எங்க போடணும்?"

அடுத்த மாசம் ஒரு கல்யாண விருந்தில் பிபிசாரா சொன்னது நடந்தது. சம்பந்தி கிழவர் அவரைப் பார்த்துத் தர்மசங்கடத்தோடு இருமினார். ஷைமெர்தென் யாரும் கை காட்டுவதற்கு முன்னால் தானாகவே போய்க் கதவோரம் விருந்தாளிகளின் கார் டிரைவர்களோடு உட்கார்ந்தார். எதிரே மேலிடத்தில் துலெபாய் உட்கார்ந்து ஆட்டுத்தலையை அறுத்தார், தப்பும் தவறுமாக. பார்க்கச் சகிக்கவில்லை. கதவோரத்தில் ஒரு வசதி இருந்தது. இரவு எட்டு மணிக்கே எழுந்து வெளியே வந்துவிட்டார். யாரும் கவனிக்கவே இல்லை. மேலிடத்து ஆள் விடியும்வரை அசைய முடியாது.

ஆனால் தாளை வாங்கி வந்த அன்று வீட்டில் நடந்ததுதான் விசித்திரம். முத்திரை குத்திய தாளைக் கன்சுலு இரண்டு தடவை படித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் எட்டு மணிக்கே ரொட்டியைப் பொட்டலம் கட்டி வைத்து, "பஸ்ஸ விட்டுடாதீங்க. முதல் நாளே லேட்டாப் போனா என்ன நினைப்பாங்க?" என்று விரட்டினாள். அவர் படி இறங்கும்போது உள்ளே போன் அடித்தது.

"யாரு, துலெபாயா? நடை பழகிடுச்சா! நல்லா இருக்கட்டும்... அவரா? அவர் எப்படி வருவாரு? வேலைக்குப் போயிட்டாருங்க. ஆமா, இந்த வயசுலயும்! ஒம்போதுலேர்ந்து ஆறு. ஒரு நிமிஷம் உக்கார நேரமில்ல மனுசனுக்கு."

அவள் குரலில் இருந்த பெருமையை அவர் படியில் நின்று ஒரு கணம் கேட்டார். இதே கை, இதே கண்ணாடி, இதே நாவல். அதை வீட்டில் செய்தால் சோம்பேறித்தனம், பஸ் ஏறிப் போய்ச் செய்தால் உத்தியோகம்! இது தெரிந்திருந்தால் ரிட்டயர் ஆன மறுநாளே யாரிடமாவது வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

இலையுதிர் காலம் வந்தது. நீல நாவலின் மூன்று பாகமும் முடிந்து, பச்சைத் தட்டுக்கு வந்திருந்தார். ஒல்ஜாபெக் தேர்தலில் ஜெயித்துவிட்டதால் படிப்பறைப் பக்கமே வருவதில்லை. ஒரு நாள் வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ஷைமெர்தென் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை இடது கண்ணுக்குச் சாய்த்துப் பிடித்தார். ஆயிம்குல் கதவைத் தட்டினாள்.

"மாமா, மணி ஆறாச்சு. வேலை நேரம் முடிஞ்சுது."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"விளக்கப் போட்டுட்டுப் போம்மா" என்றார். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. ஓவர்டைம்னு எழுதிக்க."